அம்மா மூச்சு வாங்கிய இடம்

ஒருவர் அழுத அழுகை யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்வியை ஒரு புத்தகத்தில் பார்த்திருந்தால், கட்டுரைக்கு நல்ல தலைப்பு என்று எண்ணிக் கடந்திருப்பேன். என் தங்கைக்குக் கிடைத்த ஒரு பாராட்டுதான் அதை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தது.

தங்கை பியானோ வாசிப்பவள். சனி, ஞாயிறுகளில் திருச்சிக்குப் பஸ் ஏறிப் போய் மேற்கத்தியச் செவ்வியல் இசையைக் கற்றாள். பிறகு சென்னைக்குப் போய்விட்டாள். அவளுடைய முதல் கீபோர்டு, அப்பா குவைத்திலிருந்து அனுப்பியது. அவள் பள்ளியில் படிக்கும்போதே அப்பா அங்கே இறந்துபோனார். பெட்டியில் வந்த உடலைத் திருக்கோகர்ணத்து வீட்டு வாசலில் இறக்கியபோது அம்மா சொல்லி அழுததைத் தெருவில் இன்னும் பேசுவார்கள். எங்கள் உறவில் துக்க வீட்டில் பெண்கள் வட்டமாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததும், ஒப்பாரியின் முதல் அடியை எடுத்துக்கொடுப்பது அம்மாதான்.

சென்ற ஆண்டு தங்கை தானே ஓர் இசையை எழுதினாள். விடுமுறைக்கு வந்தபோது வீட்டிலேயே அதை வாசித்துப் பழகினாள். அம்மா அவரைக்காய் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

"எங்கிட்டோ கேட்ட மாதிரியே இருக்குத்தா. நடுவுல நிப்பாட்டுற பாரு, அந்த எடந்தான் நல்லாருக்கு."

"சும்மா போட்டதும்மா" என்று தங்கை சொன்னாள். மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

சென்னையில் அவள் அதை வாசித்த பிறகு, ஓர் ஆங்கில நாளிதழில் விமர்சனம் வந்தது. அம்மாவையும், அம்மாவின் தம்பியான என் மாமாவையும் உட்காரவைத்து, செல்போனில் பார்த்து வரிக்கு வரி தமிழாக்கிச் சொன்னேன். வயதுக்கு மீறிய நிதானம் அவள் விரல்களில் இருப்பதாகவும், வாசிப்பவள் என்பதைவிட இசையை எழுதுபவள் என்றே அவள் நினைக்கப்படுவாள் என்றும் விமர்சகர் எழுதியிருந்தார். மாமா தொடையைத் தட்டினார். அடுத்த பத்தியில்தான், அந்த இசை எங்கிருந்து வந்தது என்று அவளே மேடையில் சொன்னது இருந்தது. தந்தையின் உடலருகே தாய் பாடிய ஒப்பாரி அது. பியானோவில் குரல்போல வழுக்கி இறங்க முடியாததால் அடுத்தடுத்த கட்டைகளை ஒட்டினாற்போல் தொடுகிறாள். தாய் மூச்சு வாங்கிய இடத்தில் அவள் விடும் மௌனமே அந்த மாலையின் உச்சம்.

நான் முதலில் முழுதும் படித்துவிட்டு அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் படித்திருந்தாலும் நான் நிறுத்தியிருக்கமாட்டேன். கிராமத்துப் பெண்களிடையே வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருக்கிறேன். யாரும் கலையென்று மதிக்காத ஒன்றுக்கு மரியாதை கிடைத்துவிட்டதாகத்தான் அப்போது மகிழ்ந்தேன்.

அம்மா கேட்டார்: "அன்னைக்கு நான் அழுததயா?"

"ஒன் அழுகைக்கு மெட்ராஸ்ல கைதட்டியிருக்கான்க்கா. இங்கிட்டு எவன் ஒன்னய மதிச்சான்?" என்ற மாமா, என் பக்கம் திரும்பி, "மாப்ள, அத அப்புடியே தமிழ்ல வாட்ஸ்அப்ல போட்டு விடு" என்றார். அனுப்பினேன்.

அந்த வாரமே பஸ் ஸ்டாப்பில் மாமா வைத்த பிளக்ஸ் ஏறியது. தங்கையின் படம், அப்பாவின் பாஸ்போர்ட் படம், இரண்டுக்கும் நடுவில் அம்மா. தாயின் ஒப்பாரியை உலகறியச் செய்த மகளே என்று கீழே கொட்டை எழுத்து. ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி அம்மாவிடம், "டவுன் பஸ்ஸுக்குள்ள இருந்தே தெரியுறீங்க. அடுத்து ஒங்களையும் மேடையில ஏத்திருவாகளா?" என்றாள். அம்மா சிரித்து வைத்தார். மறுநாளிலிருந்து கடைக்குச் சுற்றுவழியில் போனார்.

பிளக்ஸை எடுக்கும்படி நான் சொன்னபோது மாமாவின் முகம் தொங்கிவிட்டது. "காதுகுத்துக்கு வைக்கிறான், கெடா வெட்டுக்கு வைக்கிறான். நாம இதுக்கு வைக்கக் கூடாதா மாப்ள?" அவருக்கும் என்னைப்போலப் பெருமைதான். எடுத்துவந்து, எழுத்து உள்ளே போகும்படி திருப்பி, விறகை மூடினார்.

தங்கை ஊருக்கு வந்தாள். "நானே பக்கத்துல உக்காந்து சொல்லணும்னு இருந்தேண்ணே" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். அதன்பின் அம்மாவின் அருகே போய் உட்கார்ந்தாள்.

"அப்பான்னா எனக்கு ஒன் கொரல்தாம்மா ஞாபகத்துல இருக்கு."

"தப்புன்னு சொல்லலத்தா" என்றார் அம்மா. "அன்னைக்கு என்ன பாடுனேன்னு எனக்கே தெரியாது. இப்பத் தெரிஞ்சுபோச்சு."

அது எவ்வளவு பெரிய வார்த்தை என்பது இலுப்பூரில்தான் எனக்குப் புரிந்தது. அங்கே பெரியம்மா, அம்மாவின் உடன்பிறந்த அக்கா, இறந்துபோனார். அம்மாவும் தங்கையும் நானும் போனோம். பெண்கள் வட்டமாகத் தோளில் கைபோட்டு உட்கார்ந்தார்கள். அம்மா எடுத்துக்கொடுப்பார் என்று காத்திருந்தார்கள். அம்மா வாயைத் திறந்தார். எதிரே தங்கை நின்றிருந்தாள். அம்மா அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"ஏத்தா, கூடப் பொறந்தவளுக்கு ரெண்டு வார்த்த சொல்லி அழுவ மாட்டியா?" என்றாள் ஒரு கிழவி.

"அவுக அழுதா மக எழுதிப்புடுமாம்ல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தங்கை வெளியே போய்விட்டாள். பந்தலுக்கு அப்பால், ரோட்டோரமாக நெடுநேரம் நின்றாள். அப்படியும் அம்மாவிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. கடைசியில் வேறொருத்தி தொடங்கினாள். மெட்டு சேராமல் பாதியிலேயே நின்றது. தன் அக்காவுக்காக அம்மா சத்தமில்லாமல் தோள் குலுங்க அழுதார்.

அம்மா இப்போதும் துக்க வீடுகளுக்குப் போகிறார், ஒப்பாரி சொல்வதில்லை. தங்கை அந்த இசையை எந்த மேடையிலும் வாசிப்பதில்லை.