எல்லையில் சொல்லவேண்டிய வசனம்

அக்காவின் புருசனை, எங்கள் அத்தானை, அவருடைய கடைக்குள் வைத்துத்தான் ஒருவன் சுட்டுக் கொன்றான். வேர்ஜினியாவில் ஒரு நெடுஞ்சாலை ஓரம், பெற்றோல் நிலையத்தோடு ஒட்டியிருந்த சின்னக் கடை. சுட்டவனுக்குக் கிடைத்தது கல்லாவில் கிடந்த சில்லறையும் கொஞ்சம் சிகரெட்டும். கல்லாவுக்குக் கீழே அத்தான் முறைப்படி வாங்கி வைத்திருந்த பிஸ்டல் இருந்தது. அதை எட்டி எடுக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

வழக்கு முடிந்ததும் பொலிஸார் அந்தப் பிஸ்டலை அவருடைய மணிக்கூட்டோடும் கண்ணாடியோடும் சேர்த்து அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார்கள். செத்தவரின் சப்பாத்தைக் கொடுப்பதுபோலக் கொடுத்தார்கள் என்று அக்கா சொன்னாள். அந்த ஊரில் அது அவ்வளவு சாதாரணம்.

அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளைக் கொஞ்சக் காலம் எங்களோடு வைத்திருக்கலாம் என்று அண்ணையும் நானும் வான் வண்டியை எடுத்துக்கொண்டு போனோம். அண்ணை அப்போது கனடாவில், மல்வேர்னில், என்னுடைய அப்பார்ட்மென்டில்தான் இருந்தார். அவருடைய மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களைக் கனடாவுக்கு எடுக்கிற ஸ்பொன்சர் வேலையெல்லாம் முடிந்து விசா வருகிற கட்டம். மகளுக்கென்று ஸ்காபரோ கடையொன்றில் குளிர் ஜக்கெட் ஒன்று வாங்கி அலுமாரியில் தொங்கவிட்டிருந்தார். வருவதற்குள் வளர்ந்துவிடுவாள் என்று ஒரு அளவு பெரிதாகவே வாங்கியிருந்தார். வேலையால் வந்ததும் அலுமாரியைத் திறந்து அதை ஒருதரம் பார்க்காமல் சாப்பிட மாட்டார்.

அக்காவின் வீட்டைக் காலி செய்யும்போதுதான் சிக்கல் தொடங்கியது. அவள் அந்தப் பிஸ்டலைச் சேலைகளுக்கு நடுவில் வைத்து மடித்தாள்.

"அக்கா, உதை இஞ்சை பொலிஸிலை குடுத்திட்டு வருவம்," என்றார் அண்ணை.

"குடுக்கமாட்டன். அவர் கடைசியா எட்டிப் பிடிக்கப் போன சாமான் அது. அதை வேறை ஆரின்ரையும் கையிலை குடுத்திட்டு நான் வரமாட்டன்."

எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கும் வருகிறது. அவரைக் காப்பாற்றாத இரும்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவதில் என்ன இருக்கிறது? "வழியிலை ஏதும் ஆத்துக்கை எறிவம்," என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். புருசனைப் பறிகொடுத்து நிற்கிறவளோடு யார் மல்லுக்கட்டுவது?

அண்ணை ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். வீட்டில் எந்தச் சண்டைக்கும் நடுவில் போய் நிற்கிறவர் அவர்தான். "எல்லை வரைக்கும் கொண்டுபோவம். அங்கை உள்ளதைச் சொல்லுவம். வைச்சிருக்க விட்டால் உங்களோடை இருக்கட்டும். பறிச்சால், உங்கடை தம்பி நான் பறிச்சது எண்டு நினையாதேங்கோ."

அக்கா தலையாட்டினாள்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் மான் வேட்டைக்குப் போகிற மனிதர். துவக்கை வாகனத்தில் கொண்டுபோவது எப்படி என்று அண்ணை அவரிடம் போய்க் கேட்டார். அவர் நிறுத்தி நிதானமாக விளக்கினார். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. இந்த மாநிலத்தில் இடுப்பில் செருகிக்கொண்டு திரியலாம். ஒரு ஆற்றைத் தாண்டினால் அதே துவக்குக்குச் சிறை. அதனால் குண்டுகளைக் கழற்றி வேறாக வைக்கவேண்டும். துவக்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டவேண்டும். பெட்டி கைக்கு எட்டாமல் வாகனத்தின் கடைசிப் பின்பக்கத்தில் இருக்கவேண்டும். வழியில் எங்கும் தங்கக்கூடாது. கனடா எல்லையில் கேட்டவுடனே சொல்லிவிடவேண்டும். சொன்னால் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்புவார்கள், அல்லது திருப்பி அனுப்புவார்கள். சொல்லாமல் விட்டால்தான் தொல்லை.

அண்ணை அதை அட்சரம் பிசகாமல் செய்தார். பூட்டு ஒன்று வாங்கினார். குண்டுகளை ஒரு வெறும் பால்மா டின்னில் போட்டு வேறு பெட்டியில் வைத்தார். மேரிலாந்து, பென்சில்வேனியா என்று ஒவ்வொரு மாநிலப் பலகையைக் கண்டபோதும் வேகத்தைக் குறைத்தார். பெற்றோலுக்கு மட்டும் நின்றோம். சாப்பிட எங்காவது இறங்குவோமா என்று கேட்டதற்கு, தங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். பாணும் வாழைப்பழமும் வானுக்குள்ளேயே தின்றோம்.

வழி நெடுக ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு வந்தார். என்னிடம் ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது, அதைத் தெரியப்படுத்த விரும்புகிறேன் என்பதற்கான ஆங்கிலம். ஆண் நின்றால் சேர், பெண் நின்றால் மடம் என்று இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தார். நான் பிழை திருத்தினேன். அத்தான் போனபிறகு அக்கா முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். "உவன் பள்ளிக்கூடத்திலை இப்பிடிப் படிச்சிருந்தால் எங்கேயோ போயிருப்பான்," என்றாள்.

எல்லைப் பாலத்தைத் தாண்டி வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தது. கூண்டுக்குள் ஒரு இளம்பெண். சீருடை, இடுப்புப்பட்டி, நேரான பார்வை. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். அண்ணை சொன்னார். மது, சிகரெட் ஏதாவது? இல்லை. ஆயுதங்கள்...

அவள் கேட்டு முடிக்கவில்லை. "நோ மடம். நத்திங்," என்றார் அண்ணை.

நாங்கள் ஊரில் சென்றிகளுக்கு, ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற காவலரண்களுக்கு, நடுவில் வளர்ந்தவர்கள். துவக்கோடு நிற்பவன் கேட்டு முடிக்கமுன் இல்லை என்று சொல்லவேண்டும். யோசித்தால் சந்தேகம். இழுத்தால் சந்தேகம். முன்னுக்கு இருப்பவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் பின்னுக்கு இருப்பவர் அதை மாற்றிச் சொல்லக்கூடாது. சொன்னால் வாகனத்திலிருக்கும் எல்லோரையும் இறக்குவார்கள். இறக்கினவர்களில் சிலர் திரும்பி ஏறுவதில்லை. அக்காவும் நானும் பின்னால் கல்லுமாதிரி இருந்தோம்.

சாமான் நிறைய இருந்ததால் அவள் எங்களை ஓரமாகப் போய் நிற்கச் சொன்னாள். அங்கே ஒரு அதிகாரி வந்து பின்கதவைத் திறக்கச் சொன்னபோதுதான் அண்ணைக்குத் தான் என்ன சொன்னார் என்பதே உறைத்தது. பாடமாக்கிய வசனம் அப்போது ஒரு பிழையும் இல்லாமல் அவர் வாயிலிருந்து வந்தது. சேர் என்றுகூடச் சரியாகச் சொன்னார். அதிகாரி கைவிலங்கை எடுத்தார்.

"அது என்ரை. அது என்ரை," என்று அக்கா உள்ளே ஒவ்வொரு அதிகாரியின் மேசையாகப் போய்ச் சொன்னாள். வண்டி ஓட்டியவரும் இல்லை என்று சொன்னவரும் அண்ணைதான். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

நீதிமன்றத்தில் அந்தப் பெட்டியை மேசையில் வைத்தார்கள். பூட்டி, குண்டு வேறாக, வானின் கடைசிப் பின்பக்கத்தில் கைக்கு எட்டாமல் வைத்திருந்த பெட்டி. எவ்வளவு கவனமாக ஒளித்திருக்கிறார் பாருங்கள் என்றார் அரச தரப்பு வழக்கறிஞர். சட்டத்துக்குப் பயந்து பூட்டிய பூட்டு அது என்று எங்கள் வழக்கறிஞர் சொல்லிப் பார்த்தார். அப்படியானால் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று நீதிபதி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதை அண்ணையிடம் தமிழில் கேட்டார். அண்ணை வாயைத் திறந்தார், மூடினார். எனக்கு எழும்பிக் கத்தவேண்டும்போல இருந்தது. கத்தி என்ன செய்ய, அந்த மண்டபத்தில் எங்களைத் தவிர ஒருவரும் சென்றியில் மறிபட்டு நின்றதில்லை.

அண்ணை சில மாதம் சிறையில் இருந்தார். வெளியே வந்தபோது ஸ்பொன்சர் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அவரையே இந்த நாட்டில் வைத்திருப்பதா என்று வேறொரு விசாரணை தொடங்கியிருந்தது. அக்கா அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வைத்தாள். அவர் சாப்பிடமுன் அலுமாரியைத் திறப்பதை நிறுத்திவிட்டார்.

வந்த கிழமையே கொழும்பிலிருந்து அண்ணையின் மனைவி, எங்கள் மச்சாள், போன் எடுத்தாள். லொட்ஜிலிருந்து தெருவால் நடந்து, தொலைபேசிக் கடைக்குப் போய்த்தான் அவள் எடுப்பது வழக்கம். அண்ணை ஸ்பீக்கரில் போட்டார். கொஞ்ச நேரம் சுகம் விசாரித்துவிட்டு அவளும் அதையே கேட்டாள்.

"ஏனப்பா, இருக்கெண்டு சொல்லியிருக்கலாம்தானே?"

"சொல்லத்தான் இருந்தனான். அந்த உடுப்பைக் கண்ட உடனை வாய் தன்ரை பாட்டிலை இல்லையெண்டு சொல்லிப்போட்டுது."

மச்சாள் மூக்கை உறிஞ்சினாள்.

"ஓம்," என்றாள். "நானும் அதைத்தான் சொல்லியிருப்பன். இப்பவும் வரேக்கை சந்தியிலை ஆமி மறிச்சவங்கள். ஒண்டும் இல்லையெண்டு சொல்லிப்போட்டுத்தான் வாறன்."

பக்கத்தில் நின்ற மகள் ரிசீவரை வாங்கினாள். "அப்பா, நானும் இல்லையெண்டு சொன்னனான்," என்றாள். "ஆமிக்காரன் கேக்க முன்னமே சொல்லிப்போட்டன்."