ஆறுதல் சொல்லப் போய் உளறிய கதைகள்

இந்த வேலைக்கு வேண்டியது நல்ல காது. என்னிடம் இருந்தது வாய்.

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்க்கிறேன். மிச்ச நேரத்தில் நானும் செல்வி அக்காவும் ஒரு போன் நம்பரைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறோம். ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், பிறந்த உடம்பு தனக்கு ஒட்டவில்லை என்று தவிப்பவர்கள், யாராக இருந்தாலும் அந்த நம்பருக்குப் பேசலாம். பெரும்பாலும் எங்கள் ராவுத்தர் தெருப் பிள்ளைகள், காலனிப் பிள்ளைகள், மில் வேலைக்கு வந்தவர்கள். சென்னைக்கோ பெங்களூருக்கோ ஓடிவிட வழியில்லாதவர்கள். செல்வி அக்கா திருநங்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். நான் ஆண்களை விரும்பும் ஆண். என் அம்மாவுக்கு அது தெரியும். தெரியும் என்பது எனக்குத் தெரியாதது போல நான் நடந்துகொள்கிறேன். யாருக்காவது ஆறுதல் சொல்லப் போய் அசடு வழிந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். வாருங்கள், சேர்ந்தே வழிவோம்.

மௌனமாகக் கேட்டல்

ஆரம்பத்தில் மதுரையில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். குறுக்கே பேசாதே, அறிவுரை சொல்லாதே, அமைதியாகக் கேள் என்று சொல்லிச் சொல்லி அனுப்பினார்கள். பிறவியிலேயே வாயாடியான எனக்கு அது பெரிய தவமாகவே பட்டது. தவத்தை முழுசாகச் செய்துவிடுவது என்று ஊர் திரும்பினேன்.

முதல் அழைப்பு சோழபுரத்திலிருந்து ஒரு பையன். தோட்டத்து மோட்டார் ரூமுக்குள் நின்று பேசுவதாகச் சொன்னான். கூடப் படித்த நண்பன் மேல் வைத்த பிரியத்தையும், அந்த நண்பனின் கல்யாணத்துக்குத் தானே பந்தல் போட நேர்ந்ததையும் விக்கி விக்கிச் சொன்னான். நான் அசையவில்லை. ‘ம்’ கொட்டினால்கூட அறிவுரை ஆகிவிடுமோ என்று வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, சத்தத்தை மட்டும் வரவிடவில்லை. அவன் அழுது முடித்து, மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டான்: “ஹலோ பாய், இருக்கியளா? இல்ல, போனை வச்சுட்டுச் சாப்பிடப் போயிட்டியளா?”

ஸ்போக்கன் இங்கிலீஷ்

ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பேச ஒரு இடம் தேவைப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடி அறை கிடைத்தது. என்ன வகுப்பு என்று வீட்டுக்கார அம்மா கேட்டதும் என் வாய் என்னைக் கேட்காமலே “ஸ்போக்கன் இங்கிலீஷ்” என்றது. செல்வி அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அடுத்த ஞாயிறே அந்த அம்மா தன் மருமகளைக் கையில் பேனாவோடு மேலே அனுப்பிவிட்டார். அன்றைக்குப் பேச வந்தவர்களில் ஒரு பெண் தன்னைக் கோயில் கோயிலாகக் கூட்டிப் போய்ப் பேயோட்டிய கதையைச் சொல்ல வந்திருந்தாள். அவளையும் உட்காரவைத்து, “வாட் இஸ் யுவர் நேம்” நடத்தினேன். மருமகளுக்கே பொறுக்கவில்லை, இதெல்லாம் தான் ஸ்கூலிலேயே படித்தாயிற்று என்று அதோடு நின்றுகொண்டார்.

மாதங்கள் போயின. வருகிறவர்கள் பேசுவார்கள், அழுவார்கள், முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்குவார்கள். ஒருநாள் வீட்டுக்கார அம்மா என்னைக் கீழே நிறுத்தினார். குட்டு வெளிப்பட்டது, இன்றோடு அறை போச்சு என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஏந்தம்பி, எல்லாப் புள்ளைகளும் கண்ணு செவந்துல்ல எறங்குதுக, இங்கிலீசு அம்புட்டுக் கஷ்டமா?”

நோன்பு கூடுமா?

ரமலானில் அந்த அறையிலேயே ஒரு இப்தார் வைத்தோம். வீட்டை விட்டு வந்தவர்களுக்கு நோன்பு பிடிப்பதைவிடத் தனியாக உட்கார்ந்து திறப்பதுதான் கஷ்டம். கஞ்சி என் பொறுப்பு. பரம்பரை ராவுத்தர் கைப்பக்குவம் என்று பெருமை அடித்துவிட்டு, அடிப்பிடிக்க விட்டுவிட்டேன்.

பேக்கரியில் வேலை பார்க்கும் ரபீக் வந்திருந்தான். ஒரு பையனோடு பழகியது தெரிந்து, அண்ணன்மார் அடித்துத் துரத்திய பிள்ளை. பள்ளிவாசலில் பாங்கு சொல்லியாயிற்று, எல்லாரும் பேரீச்சம்பழம் எடுத்தாயிற்று. அவன் மட்டும் கையில் வைத்துக்கொண்டே, “அண்ணே, என்னைய மாதிரி ஆளுக்கு நோம்பு கூடுமா? அல்லா ஏத்துக்குவானா?” என்றான். நான் தொண்டையைச் செருமினேன். இறைவனின் கருணையில் ஆரம்பித்து, படித்தது கேட்டது எல்லாவற்றையும் கலந்து ஒரு பிரசங்கம் போட்டேன். அதை எப்படி முடிப்பது என்று எனக்கே தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்த செல்வி அக்கா அவன் கையில் கஞ்சிக் கிண்ணத்தைத் திணித்தார்: “ஏலே, காலையிலருந்து பசிச்சுதுல்ல? அப்பக் கூடும். கஞ்சியக் குடி, பாய் பொறவு பேசுவாரு.”

ஹவில்தார்

கார்த்தி கூமாப்பட்டிக்காரன். பெண்பிள்ளை என்று ஊர் வளர்த்தது. அவன் தன்னை ஆணாகவே அறிந்தான். முடியை வெட்டிக்கொண்டு, பேரை மாற்றிக்கொண்டு, ராஜபாளையம் மில்லில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அவன் அப்பா ஓய்வுபெற்ற ராணுவ ஹவில்தார். எப்படியோ எங்கள் நம்பரைப் பிடித்து, பிள்ளையைப் பார்க்க வருவதாகச் சொன்னார். கார்த்திக்கு வேலை ஓடவில்லை. அடித்தால் குறுக்கே விழுவது என்று முடிவு செய்திருந்தேன். எந்தப் பக்கமாக விழுவது என்பதுதான் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வந்து நின்றார். நிமிர்ந்த முதுகு, முறுக்கிய மீசை. நான் என்னை அறியாமல் எழுந்து விறைப்பாக நின்றுவிட்டேன். “சார், இது நோயில்லை சார்” என்று மனப்பாடம் பண்ணியதை ஆரம்பித்தேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. கார்த்தியைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார். அப்புறம் அவன் தாடையைப் பிடித்து முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். நான் குறுக்கே விழத் தயாரானேன். அவர் சொன்னார்: “கிருதா ஒரு பக்கம் ஏறிக் கெடக்கு. எவம்ல இப்படி வெட்டுனான்? வா, நல்ல சலூனாப் பாப்போம்.”

கல்யாணச் சாப்பாடு

எல்லாம் இப்படியே முடிந்தால் நான் ஏன் அல்சர் மாத்திரை சாப்பிடுகிறேன்? ஆலங்குளத்துப் பக்கம் லாரி ஓட்டும் சுரேஷ் வெகுநாள் எங்களிடம் பேசினான். பெண்கள் மேல் தனக்கு நாட்டமில்லை, வீட்டில் பெண் பார்க்கிறார்கள், என்ன செய்ய என்பான். “உங்கள் முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும்” என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே ஒவ்வொரு தடவையும் அழகாகச் சொன்னேன். அவனும் எடுத்தான். கல்யாணத்துக்கு வாங்க பாய் என்று கூப்பிட்டான்.

நானும் அக்காவும் போனோம். மேடையில் அவன் என்னை யோகா மாஸ்டர் என்று பெண்ணுக்கு அறிமுகப்படுத்தினான். இந்தத் தொப்பையைப் பார்த்தும் அந்தப் பெண் சந்தேகப்படாமல் கும்பிட்டது. சின்னப் பெண், சந்தோஷமாக இருந்தது. பந்தியில் உட்கார்ந்தோம். பாவம் அவன், எவ்வளவு கஷ்டப்பட்டு முகத்தைச் சிரித்த மாதிரி வைத்திருக்கிறான் என்று முணுமுணுத்தேன். செல்வி அக்கா இலையை மூடிவிட்டு எழுந்தார்: “அவனுக்காவது பேச நம்ம நம்பர் இருக்குல. அந்தப் புள்ளைக்கு என்னலே இருக்கு?”

குடை

அந்தக் கேள்வி குடைந்துகொண்டிருந்த சமயத்தில்தான் நூருவின் அழைப்பு வந்தது. நூரு எங்கள் கம்பெனிக்குப் பக்கத்துக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். அங்கேயே பேண்டேஜ் மடிக்கும் மாரியும் அவளும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். நூரு ராவுத்தர் வீடு, மாரி அருந்ததியர் காலனி. போதாததற்கு இருவரும் பெண்கள். நூருவுக்கு மாப்பிள்ளை முடிவாகும் நிலையில் இருந்தது. “அத்தாகிட்ட நீங்க பேசுங்கண்ணே, எனக்கு வாய் வரலை” என்று அழுதாள். முடிவு உங்களுடையது என்று இந்தத் தடவை நான் சொல்லவில்லை.

அவள் அத்தா, அதாவது அப்பா, பஜாரில் குடை, டார்ச் லைட் விற்பவர். கடைக்குள் போனேன். “என்ன வேணும்?” என்றார். ஒரு குடை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாளும் போனேன், லேடீஸ் குடை. அதற்கு மறுநாள் மடக்குக் குடை. அது சித்திரை வெயில், மழைக்கு அறிகுறியே இல்லை. வீட்டில் அம்மா என்னைக் கவலையோடு பார்க்க ஆரம்பித்தார்.

அடுத்த தடவை போனபோது அவர் குடையை எடுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார். “உக்காருங்க. நீங்க யாரு, என்ன வேலை பாக்குறீகன்னு பஜார்ல கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். எம்மக சோறு திங்காமக் கெடக்கா. எங்கிட்டச் சொல்ல அவளுக்குப் பயம். கேக்க எனக்குப் பயம். நடுவுல நீங்க என்னடான்னா தெனம் குடை வாங்கிட்டுப் போறீக” என்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும், திக்கித் திக்கி, முன்னுக்குப் பின்னாக. அவர் டார்ச் லைட் ஒன்றை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். போய்ட்டு வாங்க என்று மட்டும் சொன்னார். உளறிக் கெடுத்துவிட்டேன், இனி அந்தப் பெண்ணை வேலைக்கே விடமாட்டார்கள் என்று பஜார் நெடுக என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன்.

அந்த வாரமே மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் போனது, மகளுக்கு விருப்பமில்லை என்று. நூருவின் அம்மா இன்னும் அவளோடு சரியாகப் பேசுவதில்லை. மாரியை வீட்டுக்குள் வா என்று யாரும் கூப்பிடவும் இல்லை. ஆனால் ஒரு மத்தியானம் நூரு போன் பண்ணினாள். குரலைக் கேட்டதும் என்ன ஆச்சோ என்று பதறினேன். அவள் சொன்னாள்: “ஒண்ணுமில்லண்ணே. அத்தா கம்பெனிக்குச் சோறு கொண்டாந்தாக. எப்பவும் ஒரு டப்பாதான், இன்னைக்கு ரெண்டு. அந்தப் புள்ள சாப்பிட்டுச்சான்னு கேட்டுட்டு, பதிலுக்கு நிக்காமப் போயிட்டாக.”

இத்தனை வருஷத்தில் நான் ஒருவர் மனதையும் மாற்றவில்லை, மாறிக்கொண்டிருந்தவர்களுக்குக் குறுக்கே பேசியதுதான் மிச்சம்.