விட்டுடச் சொன்னார்

என் கணவரின் அக்காவுக்கு, நான் அண்ணி என்று கூப்பிடுபவருக்கு, நாய் என்றால் ஆகாது. சின்ன வயதில் ஒன்று கணுக்காலைக் கவ்விவிட்டது என்பார். தழும்பு எங்கே என்று கேட்டால் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் நாய்க் காப்பகத்துக்கு வேலைக்கு வந்தது வேறு போக்கிடம் இல்லாமல்தான். பத்தொன்பது வருஷம் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு கழுவித் துடைத்தவர். அங்கே அந்த வேலையை ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். கம்பெனிக்கு வயது குறைந்தவர்கள்தான் வேண்டுமாம்.

நான் அதற்கு முன்பே காப்பகத்தில் இருந்தேன். நாய்களுக்குச் சமைப்பது, கட்டுத்துணி சுருட்டிவைப்பது என் வேலை. அண்ணிக்காக மேனேஜரிடம் பேச மூன்று நாள் அவர் அறை வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். நாலாம் நாள் அவரே, "என்னம்மா வேணும், சொல்லித் தொலை" என்றார். சொன்னேன். மறுநாள் அண்ணி வந்துவிட்டார்.

இரண்டு வரிசையில் இருபத்துநாலு கூண்டுகள். மேலே தகரம், கீழே சிமெண்ட். வண்டியில் அடிபட்டது, வெந்நீர் ஊற்றப்பட்டது, சொறி பிடித்தது, புழு வைத்தது என்று எல்லாம் வரும். குட்டி போடாமலிருக்க அறுவை செய்யவும் தெருநாய்களைப் பிடித்து வருவார்கள். தையல் ஆறியதும் பிடித்த தெருவிலேயே கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். அதற்கு எங்களிடம் பேர் 'விடுறது'. வேன் டிரைவர் தினமும் காலையில் வந்து கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு எதை எதை விடுறோம்?" என்பதுதான்.

கூண்டுகளை நாய் உள்ளே இருக்கும்போதே கழுவுவோம். ரப்பர் குழாயைப் பீய்ச்சிக்கொண்டே போனால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். நாய்கள் மூலையில் ஒடுங்கி நடுங்கும். எழ முடியாதவை நனைந்துகொண்டே கிடக்கும். அண்ணி முதல் நாள் அதைப் பார்த்துவிட்டுக் குழாயை மூடினார்.

"ஏண்டி, படுத்திருக்கிற நோயாளி மேல யாராவது தண்ணி அடிப்பாங்களா?"

"நாய்தானே அண்ணி."

"நாய் எனக்கும் ஆகாதுதான். அதுக்காக? புண்ணுக்குத் தெரியுமா அது யாரு உடம்புல இருக்குன்னு?"

அடுத்த நாளிலிருந்து தன் வழக்கத்தைத் தொடங்கினார். காலியாக இருந்த கடைசிக் கூண்டுக்கு ஒரு நாயை மாற்றுவார். அதன் கூண்டைக் கழுவி, ரப்பர் கட்டையால் தண்ணீரைத் தள்ளி, கோணியால் துடைப்பார். புறங்கையைத் தரையில் வைத்துப் பார்ப்பார். காய்ந்த பிறகுதான் நாய் திரும்பி வரும். பிறகு அடுத்த நாய். பாதி நாள் ஆனது. அதற்காக எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். யாரைப் பார்த்தாலும் "அந்தப் பக்கம் காய்ஞ்சுதா?" என்று கேட்டதில் 'காய்ஞ்சுதாக்கா' என்றே பேர் வந்துவிட்டது.

"வாங்க காய்ஞ்சுதாக்கா, என் வண்டியும் ஈரமா கிடக்கு. கொஞ்சம் கைய வெச்சுப் பாத்துட்டுப் போங்க" என்பான் டிரைவர்.

"உன் மூளை மேலதான் கைய வெச்சுப் பாக்கணும். அது காய்ஞ்சு எத்தனை வருஷமாச்சோ."

இரண்டு மாதத்தில் புண்கள் சீழ் வைப்பது குறைந்தது. வாரம் இரண்டு நாள் வரும் டாக்டர் அதைக் கவனித்துக் கம்பவுண்டரிடம் கேட்டார். "புது மருந்து சார், நல்லா வேலை செய்யுது" என்றார் கம்பவுண்டர். அண்ணி இரண்டடி தள்ளி நின்று கோணியைப் பிழிந்துகொண்டிருந்தார். எனக்கு உண்மை தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. ஆனால் அடுத்த வாரமே மேனேஜரை நச்சரித்து, உடைந்த பெட்டிகளின் பலகைகளை ஆறு கூண்டுகளுக்கு வாங்கிவிட்டார். நடக்க முடியாத நாய்கள் சிமெண்டை விட்டுப் பலகைக்கு ஏறின.

அதில் ஒன்று பதினோராம் கூண்டு. அங்கே ஒரு பழுப்புப் பெட்டை நாய் வந்தது. பட்டறைத் தெருவில் லாரி ஏறி, பின்னங்கால் ஒன்று கூழாகியிருந்தது. டாக்டர் காலைத் தொடையோடு எடுத்துவிட்டுத் தைத்தார். அது சாப்பிடவில்லை, எழவில்லை. கழுவும் நேரத்தில் அதை அண்ணியேதான் இரண்டு கையாலும் ஏந்திக் கடைசிக் கூண்டுக்குக் கொண்டுபோவார், முகத்தை மட்டும் தள்ளிவைத்துக்கொண்டு.

"மகாராணிக்குப் பல்லக்கு வேணுமாம். நடந்து வரமாட்டாங்களாம்."

ஒன்பதாம் நாள் அது அவர் மணிக்கட்டை நக்கியது. அண்ணி நேரே தொட்டிக்குப் போய் வெகுநேரம் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். மறுநாள் அதே கையைத் தானாகவே அதன் மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அது சாப்பிட்டது. அது மூன்று காலில் நிற்பதைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அண்ணிக்கு அந்த நாட்களில் வேறு நினைப்பே இல்லை. வீட்டில் தன் தம்பியிடம், என் கணவரிடம்கூட அதே பேச்சுதான்.

வெள்ளிக்கிழமை டாக்டர் கட்டைப் பிரித்துத் தையலைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "ஓரத்துல விட்டுப்போயிருக்கு. தினம் தூக்குறீங்களா? இனிமே தூக்காதீங்கம்மா. ஒரு வாரத்துக்குப் பதினொண்ணை விட்டுடுங்க."

"கழுவணுமே சார்..."

"சுத்தித் துடைச்சாப் போதும். நாயை விட்டுடுங்க, தொடாதீங்க."

அண்ணி தலையாட்டினார். தான் தூக்கியதால்தான் தையல் விட்டது என்பது அவரைக் குடைந்துகொண்டே இருந்தது.

மறுநாள் கம்பவுண்டர் லீவு. எந்த நாயை விட வேண்டும் என்று நோட்டைப் பார்த்துச் சொல்பவர் அவர்தான். டிரைவர் வரிசையின் அந்தக் கோடியில் நின்று கத்தினான். அண்ணி எட்டாம் கூண்டுக்குள் குனிந்திருந்தார். குழாய் சத்தம். நான் அடுப்படியில் இருந்தாலும் அவர்கள் பேச்சு கேட்டது.

"அக்கா, டாக்டர் பதினொண்ணைப் பாத்தாரா? என்ன சொன்னாரு?"

"விட்டுடச் சொன்னாரு!"

"அதையா? அதுக்குள்ளயா?"

"ரெண்டு தரம் சொல்லிட்டாரு. எனக்கு மனசே இல்ல. அவ்வளவு பெரிய டாக்டர் சொன்னா நாம என்ன பண்றது!"

எனக்கும் அதில் தப்பாக ஒன்றும் படவில்லை. அண்ணி சொன்னது டாக்டர் சொன்னதுதானே என்று பானையைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

அண்ணி பின்பக்கம் கோணிகளைக் காயப்போடப் போனார். திரும்பி வந்தபோது பதினோராம் கூண்டு திறந்து கிடந்தது. கட்டுப் போட உள்ளே எடுத்துப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, நாயைத் தொடாமல் துடைக்க முடியாத மூலைகளையெல்லாம் துடைத்தார். மத்தியானம் காலி வேன் வந்து நின்றது.

"உங்க மகாராணியை அவங்க தெருவுலயே பத்திரமா விட்டாச்சுக்கா. இறங்கவே மாட்டேங்குது. தூக்கித்தான் இறக்கினேன். ரெண்டு பிஸ்கட்டும் போட்டுட்டு வந்தேன்."

அண்ணி கத்துவார் என்று நினைத்தேன். கட்டையைச் சுவரில் சாய்த்துவைத்தார். "வண்டிய எடு" என்றார்.

பட்டறைத் தெருவில் அது இல்லை. பிஸ்கட் அப்படியே கிடந்தது. டயர் கடைக்காரர், "மூணு கால் நாயா? இந்தத் தெரு நாய்ங்க நாலஞ்சு சேர்ந்து துரத்திச்சுங்க. இழுத்துக்கிட்டே அந்தப் பக்கம் ஓடிச்சு" என்றார். அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று அவருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு லாரிக்கு அடியிலும் குனிந்து பார்த்தோம். சாயங்காலம் மழை பிடித்தது. அண்ணி வேனுக்குள் ஏற மாட்டேன் என்று நின்றார். டிரைவர் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினான்.

ஞாயிற்றுக்கிழமையும் போனோம். திங்கட்கிழமை தெரு கூட்டும் பெண் ஒருத்தி பட்டறைக்குப் பின்னாலிருந்த சாக்கடைக் குழாயைக் காட்டினாள். அதற்குள் அது பாதி உடம்பு தண்ணீரில் கிடந்தது. உயிர் இருந்தது. அண்ணி கூப்பிட்டதும் வர முயன்றது. முன்னங்கால்களால் உடம்பை இழுத்தபோது தையல் வாய் முழுதும் திறந்திருந்தது தெரிந்தது. உள்ளே புழு.

டாக்டர் தன் முறை இல்லாத நாளில் வந்தார். நின்றபடியே பார்த்தார். "இனிமே வலியை நீட்டிக்கத்தான் முடியும்மா" என்றார்.

"நான்தான் சார் சொன்னேன். இவன் கேட்டான், விட்டுடச் சொன்னார்னு நான்தான் சொன்னேன்."

"நான் சொன்ன வார்த்தைதானேம்மா அது."

"நீங்க எதுக்குன்னு தெரிஞ்சு சொன்னீங்க. நான் எதுக்குன்னு சொல்லாம சொல்லிட்டேன்."

டிரைவர் வாசலில் நின்றிருந்தான். "திட்டுங்கக்கா, நாலு வார்த்தை திட்டிருங்க" என்றான். அண்ணி அவன் பக்கம் திரும்பவில்லை. டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றியதும், "ஒரு நிமிஷம் சார்" என்று துண்டை எடுத்து நாயின் காது, வயிறு, கால் இடுக்கு என்று துடைத்தார். ஒரு நிமிஷம் வெகுநேரமானது. டாக்டர் அவசரப்படுத்தவில்லை. பிறகு அண்ணி மணிக்கட்டை அதன் மூக்கருகில் வைத்துக்கொண்டார். ஊசி போட்டு முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. நான்தான் எடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து டாக்டர் நோட்டில் முழு வாக்கியமாக எழுதுகிறார்: 'தெருவில் இறக்கவும்', 'தொட வேண்டாம்.' இருபத்துநாலு கூண்டுகளுக்கும் பலகை வந்தது. அதுவும் டாக்டர் சொல்லி. அண்ணி ஒவ்வொன்றையும் வாங்கி ஆட்டம் இல்லாமல் போட்டார். போதும் என்றோ போதாது என்றோ சொல்லவில்லை.

இப்போதும் முதல் ஆளாக வருகிறார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் எந்த நாயைப் பற்றியும் யாரிடமும் அவர் பேசுவதில்லை. வீட்டிலும் தம்பி கேட்டால் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார். நேற்று டிரைவர் வந்து, "அக்கா, பதினேழு சாப்பிட்டுச்சா?" என்று கேட்டான். அண்ணி கூண்டுக்குள்ளிருந்து கிண்ணத்தை எடுத்து, உள்பக்கம் அவனுக்குத் தெரியும்படி சாய்த்துக் காட்டினார். அவன் பார்த்துத் தலையாட்டும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.