நாராயணம்மாவைக் கேட்டார்கள்

ஓசூரை அடுத்த பேரிகைப் பக்கம் எங்கள் நிலத்துக்கும் நாராயணம்மா அத்தையின் நிலத்துக்கும் ஒரே வரப்பு. 1990இல் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்க நோட்டீஸ் வந்தபோது, ஊரே வேன் பிடித்து அமைச்சரைப் பார்க்கப் போனது. வரப்புச் சண்டையில் அத்தையோடு பேச்சில்லாத என் அம்மா, "அவ ஏறினா நான் எறங்கிடுவேன்" என்றாள். அத்தையை ஏற்றவில்லை. அமைச்சர் மாலையை வாங்கிக்கொண்டார்.

அத்தை தனியாக ஓசூர் வக்கீல் ஒருவரைப் பிடித்து ஐகோர்ட்டுக்குப் போனாள். தடையுத்தரவு கிடைத்தது, வழக்குப் போட்ட அவளுக்கு மட்டும். எங்கள் நிலத்தில், அறுக்காத கேழ்வரகின் மேல் ஓடிய புல்டோசர் அவள் வரப்போடு திரும்பியது. சிவந்த மண்ணுக்கு நடுவே அவளுடைய அவரைக்கொடி பூத்துக் கிடந்தது.

"கோர்ட்டு என்ன, அவளுக்குத் தாய்மாமனா?" அம்மா தினமும் கரித்துக்கொட்டினாள். எனக்கும் எரிந்தது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். சட்டம் செய்பவர், நடத்துபவர், தட்டிக் கேட்பவர் என்று மூன்று அதிகாரங்களைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன். பிறகு ஏன் மாலையோடு வேனில் ஏறினேன்?

தீர்ப்பு வந்தது. நிலத்தை எடுப்பதா வேண்டாமா என்பது அரசாங்கத்தின் வேலை, ஆனால் அவசரம் என்று சொல்லி அவளை விசாரிக்காமல் எடுத்தது தவறு, கேட்டுவிட்டு முடிவெடுங்கள் என்றது கோர்ட்டு.

விசாரணைக்கு அத்தை என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். "போடா, அங்க என்னத்தக் கிழிக்கறாளோ பாத்துட்டு வா" என்று அம்மாவே அனுப்பினாள்.

அதிகாரி நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்கம்மா. உங்க ஆட்சேபம் என்ன?"

"என்னுது தண்ணி ஊறுற மண்ணு சார். ரோட்டோரம் மேடு சும்மாதான கெடக்குது, அத எடுங்க."

குமாஸ்தா எழுதிப் படித்துக் காட்டினார்.

"வெறும் மேடு இல்ல சாமி, கல்லு மேடு. அப்பிடியே எழுது."

குமாஸ்தா திருத்தினார்.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. காரணம் எழுதி, அவள் ஆட்சேபத்தைத் தள்ளியிருந்தார்கள். அவரைக்கொடி மேலும் புல்டோசர் ஏறியது.

"அவளுக்கும் போச்சில்ல? அப்புறம் ஏண்டா மூஞ்சத் தொங்கப் போட்டுட்டு இருக்கற?" என்றாள் அம்மா.

"அவங்கள உக்கார வெச்சுக் கேட்டாங்கம்மா."

கட்டிலில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"என்னையும் கேட்டிருந்தா, கேவுரு அறுக்கற வரைக்கும் பொறுங்கன்னு சொல்லியிருப்பன்" என்றார்.