ஜட்கா பங்காரு சுமந்த ஜாடி

திருத்தணியில் ஜட்கா பங்காரு வாயைத் திறந்தால் புளுகுதான் வரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ரயிலடியிலிருந்து மலையடிவாரம் வரை வண்டி ஓட்டுகிறவன். தன் குதிரை ஆற்காட்டு நவாப் லாயத்துப் பரம்பரை என்பான். குதிரையைப் பார்த்தால் விலா எலும்பை எண்ணிவிடலாம்! வெள்ளைக்காரக் கலெக்டர் ஊரைவிட்டுப் போகும்போது தன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார் என்பான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், மறுபடியும் அவன் வண்டியிலேயே ஏறுவார்கள். யார் குடியையும் கெடுக்காத புளுகு ஐயா அது, வழித்துணைக்கு ஆகிற புளுகு.

ஒரே ஒரு தரம்தான் வரம்பு மீறினான். நாற்பத்தெட்டாம் வருஷம், மதுவிலக்குக் கெடுபிடி நடந்துகொண்டிருந்த சமயம். மலைக்குப் பின்னால் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று ஏட்டு சின்னசாமியிடம் சும்மா அளந்துவிட்டான். பாவம் அந்த மனிதர், முள்ளிலும் கல்லிலும் ஏறி இறங்கி, கிழிந்த கால்சட்டையோடு வெறுங்கையாகத் திரும்பி வந்தார். ஊரே சிரித்தது. அன்றிலிருந்து பங்காருவைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

வீட்டில் மட்டும் பங்காருவின் வாய்க்கு வேலை குறைந்துபோயிருந்தது. மனைவி காஞ்சனா அத்தை மகள், அவனைப் 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு தடவை கர்ப்பமாகி, இரண்டும் மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டன. இப்போது மறுபடியும் மூன்றாம் மாதம். அவள் தண்ணீர்க் குடத்தைத் தொட்டாலே பங்காரு ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொள்வான். கடைசியில் அவளை மிஷன் ஆஸ்பத்திரி லேடி டாக்டர் யூனிஸிடம் அழைத்துப் போனான்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "குழந்தை வயித்துல தங்கறதுக்கு உடம்பு ஒண்ணைச் சுரக்குது பங்காரு. புரோஜெஸ்ட்ரோன்னு பேரு. கர்ப்பப்பையை அலட்டாம அமைதியா வச்சிருக்கறது அதுதான். ஆனா அது ரத்தத்துல அப்படியே தேங்கி நிக்காது. ஈரல் அதை வேற ஒண்ணா மாத்தி, கழிவாக்கி, மூத்திரத்துல அனுப்பிடும். அந்தக் கழிவை அளந்தா, உள்ளே எவ்வளவு சுரந்துதுன்னு தெரிஞ்சிடும்."

பங்காரு துள்ளி எழுந்தான். "இது தெரியாதா டாக்டரம்மா! லத்தியைப் பார்த்தே குதிரை எவ்ளோ கொள்ளு துன்னுச்சின்னு சொல்லிடுவேனே நானு!"

"ஆங், கிட்டத்தட்ட அதேதான்" என்று அவர் சிரித்துவிட்டார்.

"என்னைப் போயி குதிரையோட சேக்கறியே பாவா" என்று காஞ்சனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

அந்தச் சுரப்பையே எண்ணெயில் கரைத்து ஊசியாகப் போடலாமாம். ஆனால் பட்டணத்திலேயே அது கிடைப்பது குதிரைக்கொம்பு. குறைகிறதா என்று தெரிந்துகொண்டுதான் போட வேண்டும். ஆகவே ஒரு பகல் ஒரு ராத்திரி மூத்திரம் முழுவதையும் ஒரு பீங்கான் ஜாடியில் பிடித்து, சென்னையில் இருக்கும் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். கெட்டுப்போகாமலிருக்க டாக்டரம்மா அதில் ஏதோ மருந்தை ஊற்றினார். மூடியைத் திறந்தால் ஸ்பிரிட் வாடை மூக்கைத் துளைத்தது. "ஒரு சொட்டு கீழ போகக்கூடாது. முழு நாளுக்கும் சேர்த்துத்தான் கணக்கு" என்று சொல்லி அனுப்பினார்.

ஜாடியோடு பங்காரு ரயிலேறப் போனபோது பிளாட்பாரத்தில் ஏட்டு சின்னசாமி நின்றுகொண்டிருந்தார்.

"ஜாடில இன்னாடா கீது?"

அத்தனை ஜனத்துக்கு நடுவில் பெண்டாட்டி சமாசாரத்தை எப்படிச் சொல்வான்? "ஊறுகாங்க ஏட்டையா" என்றான்.

ஏட்டு மூடியைத் திறந்தார். மோந்தார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "ஊறுகாயா? நல்லாத்தான் ஊறிகீது. சாராயம் கடத்துறியா நீ?" என்று ஜாடியைக் கவிழ்க்கப் போனார். பங்காரு பாய்ந்து பிடித்தான். இழுபறியில் பாதிக்கு மேல் தரையில் கொட்டிப் போயிற்று.

"ஐயோ, அது என் பொண்டாட்டி மூத்திரம்யா!" என்று அலறினான்.

பிளாட்பாரம் குலுங்கிச் சிரித்தது. "சந்தேகம் இருந்தா குடிச்சிப் பாருங்க ஏட்டையா" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். ஏட்டு வீம்புக்கு விரலை நனைத்து வாயருகே கொண்டுபோய்விட்டார். அப்போதுதான் பங்காருவின் முகத்தைப் பார்த்தார். தரையில் கொட்டியதைப் பார்த்துக்கொண்டு பிள்ளை மாதிரி தேம்பிக்கொண்டிருந்தான். ஏட்டு மெதுவாக விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "போடா, வண்டி கெளம்புது" என்று அவனைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டார்.

வண்டி மாற அரக்கோணத்தில் இறங்கிய பங்காரு ஒரு காரியம் செய்தான். குழாயடியில் ஜாடியை நிரப்பிவிட்டான். பழக்கதோஷம்! குறைந்தால் நிரப்புவது அவன் சுபாவம், கதையானாலும் சரி, ஜாடியானாலும் சரி. சென்னையில் ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டுத் திரும்பினான்.

அடுத்த வாரம் டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துத் தணிந்த குரலில் பேசினார். கழிவு மிகவும் குறைவாக இருக்கிறதாம். ஊசியை ஆரம்பித்துவிடுவோம், ஆனாலும் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார். காஞ்சனா அழக்கூட இல்லை. வயிற்றின் மேலிருந்த கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பங்காருவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"டாக்டரம்மா, பாதிக்கு மேல கொட்டிப்போச்சி. ஏட்டு சாராயம்னு நெனச்சி புடிச்சி இழுத்தாரு. நான் தண்ணி ஊத்தி ரொப்பிட்டேன்."

டாக்டரம்மா அவனை இரக்கத்தோடு பார்த்தார். "பெண்டாட்டிக்கு ஆறுதலாத்தான் சொல்றே, புரியுது. பொய்யான நம்பிக்கை கொடுக்கக் கூடாது பங்காரு."

"நெசமாத்தான்மா!"

"போதும் பாவா" என்றாள் காஞ்சனா. "உன் குதிரைக் கதை, கலெக்டர் கதை எல்லாம் கேட்டேன். இதுலயும் கதை கட்டாதே."

எத்தனை சத்தியம் செய்தும் எடுபடவில்லை. ஆயுசிலேயே முதல் தடவையாகத் தன் வாயின் மேல் அவனுக்கு வெறுப்பு வந்தது. வண்டியை விரட்டிக்கொண்டு ரயிலடிக்குப் போய் ஏட்டின் காலில் விழுந்தான். ஏட்டு முதலில் முறைத்தார். விஷயம் புரிந்ததும் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏட்டு டாக்டரம்மா முன்னால் நின்றார். "அவன் சொல்றது நெசந்தாம்மா. இந்தக் கையாலதான் கொட்டினேன்." பிறகு காஞ்சனா பக்கம் திரும்பி, "மன்னிச்சிடும்மா. அவன் நெசம் சொல்லுவான்னு நான் நெனைக்கல" என்றார்.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்பா, தண்ணி ஊத்தினா ஜாடிதானே நிறையும், கழிவு எப்படிப்பா கூடும்? ஊசி இப்ப வேணாம். மறுபடியும் பிடிங்க!"

இரண்டாம் தடவை ஜாடியை ஏட்டே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, "தள்ளு, தள்ளு" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரயிலேற்றினார். பங்காரு சென்னை போய்ச் சேரும்வரை ஜாடியை மடியிலிருந்து இறக்கவில்லை.

அப்புறம் ஒரு வாரம் அந்த வண்டியில் ஏறியவர்களுக்கு ஒரு கதைகூடக் கிடைக்கவில்லை. ஒரு சாயங்காலம் டாக்டரம்மா வண்டி நிற்கும் இடத்துக்கே வந்துவிட்டார். "பங்காரு, தேவைக்கு மேலயே சுரக்குதுப்பா. ஊசியே வேண்டாம். போய்ச் சொல்லு அவகிட்ட."

பங்காரு வீட்டுக்கு ஓடினான். காஞ்சனா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் நாலு விதமாக ஜோடித்துக்கொண்டுதான் வந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவள் கையைப் பிடித்து அவள் வயிற்றின் மேல் வைத்துவிட்டு அப்படியே நின்றான்.

பங்காரு பேசாமல் நின்று காஞ்சனா பார்த்ததே கிடையாது. அதனால்தான் நம்பினாள். மாசி மாதம் சந்திரா பிறந்தாள், தெருவையே எழுப்புகிற தொண்டையோடு.