மட்கார்டில் காய்ந்த கரிசல்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கோவில்பட்டி ரயில் நிலையத்தில் தகர டப்பாவைத் தூக்கிக் கடலை மிட்டாய் விற்றுத் தொடங்கினேன். பிறகு சொந்தமாகப் பாகு காய்ச்சும் அடுப்பு, பட்டறை, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு கடை, கரிசலில் பத்து ஏக்கர், மாடி வீடு. மழை பொய்த்து, கடலை கிடைக்காத வருஷத்திலும் அடுப்பை அணைக்கவில்லை. ஒருத்தர் கைதூக்கி விடவில்லை. இதையெல்லாம் ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள். மறுப்பது ஒன்றைத்தான். என் தம்பி மகளின் வழக்கு ஜெயித்தது என்னால் என்பதை.

ஐப்பசி மழை விட்ட மறுநாள் அவள் புருஷன் பசுவந்தனைப் பக்கம் உளுந்துக் காட்டைப் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பினான். வண்டிப்பாதை தார்ரோட்டில் ஏறுகிற இடத்தில் லாரி அடித்து அங்கேயே உயிர் போய்விட்டது. பார்த்தவர் யாருமில்லை. பாதையிலிருந்து வேகமாகக் குறுக்கே பாய்ந்தான் என்று லாரிக்காரன் சொன்னதே போலீஸில் எழுத்தாகிவிட்டது. நஷ்டஈடு கேட்டபோது இன்சூரன்ஸ்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். தப்பு அவன்மேல் என்று முடிந்தால், இரண்டு பெண்பிள்ளைகளோடு அவள் வெறுங்கையாக நிற்க வேண்டியதுதான்.

வழக்கு வேலையை என் மனைவியின் தம்பி எடுத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கலர் கலராகச் சீட்டு ஒட்டி ஃபைலாக வைத்திருந்தார். வக்கீல் அலுவலகத்தில் நுழைந்தாலே, "வாங்க சார், காபி சாப்பிடுதீங்களா" என்பார்கள். எனக்கும் காபி வரும், அவர் வாங்கிக்கொண்ட பிறகு. தம்பி மகள்கூட எதற்கெடுத்தாலும், "சார் மாமா என்ன சொல்லுதாவ" என்று கேட்பாள். அவள் கல்யாணத்தில் பந்தல் முதல் பாயசம் வரை நின்று பார்த்தவன் நான். வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்.

வக்கீல் ஒருநாள் ஃபைலைப் புரட்டிவிட்டு, "இவ்வளவு இருந்தும் அவர் பாயலைன்னு காட்ட ஒண்ணுமில்லையே சார்" என்றார். சார் ஃபைலை வாங்கி மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான்.

அவன் மோட்டார் சைக்கிள் அதுவரை போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில்தான் கிடந்தது. அதை எடுக்க என் மைத்துனர் அனுமதி வாங்கி, என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"வாட்டர் சர்வீஸ்ல விட்டுக் கழுவிட்டு வீட்டுக்குக் கொண்டு போயிருவோம் அத்தான். ரத்தக்கறையோட அந்தப் பிள்ளை பாக்க வேண்டாம்."

நல்ல எண்ணம்தான். வண்டியைத் தள்ளினேன், நகரவில்லை. பின்சக்கரத்தில் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கரிசல் காய்ந்து கல்லாகியிருந்தது. என் கை தானாகக் கீழே கிடந்த குச்சியை எடுத்தது. மழை நாளில் கரிசல் சேறு அப்பிச் சக்கரத்தையே சுற்றவிடாது; காட்டிலிருந்து வருகிற எவனும் தார்ரோட்டில் ஏறியதும் வண்டியை ஓரங்கட்டி, மண்ணைக் குத்தித் தள்ளினால்தான் வீடு போய்ச் சேர முடியும். குத்தப் போன கை நின்றது. குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தேன். பாதி சுத்தமாகச் சுரண்டியிருந்தது. மீதி மண்ணில் ஒரு கருவேலங்குச்சி முறிந்து நின்றது.

"மாப்ளே, இந்த வண்டி ஓடுமா?"

"மோதினதுல சக்கரம் இறுகியிருக்கும் அத்தான்."

"மோதினா மண்ணு எப்படிய்யா உள்ள போகும்? சுத்தாத சக்கரத்தை வச்சுக்கிட்டு அவன் எங்கன பாய? ரோடு வரைக்கும் இழுத்துட்டு வந்து, ஓரமா நிறுத்திச் சுரண்டிக்கிட்டு நின்னுருக்கான். அங்கன வச்சுதான் லாரி அடிச்சிருக்கு."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "நான் கண்ட சேறெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தோட சரி அத்தான்" என்றார்.

கழுவும் பேச்சு நின்றது. ஸ்டுடியோக்காரரை ஆட்டோவில் கூட்டி வந்து போட்டோ எடுக்க வைத்தவன் நான். வாகன ஆய்வாளர் அறிக்கையிலேயே பின்சக்கரம் சுழலவில்லை என்று ஒரு வரி இருந்ததாம். சீட்டு ஒட்டிய ஃபைலுக்குள் அது சும்மா கிடந்திருக்கிறது.

சாட்சி சொல்ல வெள்ளை வேட்டி எடுத்து வைத்தேன். வக்கீல் வேறு மாதிரி சொன்னார்: "அண்ணாச்சி கோவிச்சுக்கிடாதீங்க. எதிர்வக்கீல் குறுக்க கேட்டா நீங்க சண்டைக்குப் போயிருவீங்க. சார்னா நிதானமாச் சொல்லுவாவ."

கூண்டில் ஏறியது மைத்துனர். பஸ்ஸில் நான் சொல்லிக்கொடுத்ததை அவர் வாயால் கேட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கரிசலைக் களிமண் என்றார். எழுந்துவிடப் பார்த்தேன், பக்கத்தில் தம்பி மகள் இருந்ததால் அடக்கிக்கொண்டேன். நீதிபதி போட்டோவை வெகுநேரம் பார்த்தார்.

லாரிமேல்தான் தப்பு என்று தீர்ப்பு வந்தது. கோர்ட் வராந்தாவில் தம்பி மகள் என் மைத்துனரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா என் பிள்ளைக தெருவுலதான் மாமா" என்று அழுதாள். "அத்தான்தாம்மா முதல்ல பாத்தாவ" என்றார் அவர். அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்குச் சொன்னார். சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

பிள்ளைகள் வளர்ந்து, அப்பா வழக்கு எப்படி ஜெயித்தது என்று கேட்டால் அவள் அந்த ஃபைலைத்தான் எடுத்துக் காட்டுவாள். அதில் என் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அதிலுள்ள சக்கரத்துப் போட்டோவின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் உங்கள் பெரிய தாத்தா என்று அங்கே எழுத வேண்டும். கையெழுத்து அழகாயிருக்கும், மைத்துனரே எழுதட்டும்.