மாத்திரைக்கு ஒரு டீ

மாரிக்கண்ணனுக்குச் சமையலில் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். டீ. கல்யாணத்துக்கு முன்பு சாத்தூரில் ஒரு கடையில் இரண்டு வருஷம் டீ மாஸ்டராக நின்றவன் அவன். இப்போது எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறான். ஒரு நாளைக்கு எட்டு டீயாவது உள்ளே போகாவிட்டால் அவனுக்குப் பெட்டி தூக்க முடியாது. "இவன் ஒடம்பக் கீறுனா ரத்தம் வராதுலே, டீதான் வரும்" என்பான் கூட வேலை பார்க்கிற பலவேசம்.

அவன் மனைவி செல்வலட்சுமி, வீட்டில் இருந்தபடியே சரவெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறவள். மூத்தவள் பிரீத்திக்கு மூன்று வயது. இரண்டாவது பிள்ளைக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது ரத்தம் சோதித்தார்கள். ரத்த அளவு எட்டுப் புள்ளி ஒன்று என்று வந்தது. ஊர் நர்ஸ் முருகேஸ்வரி அதைச் சிவப்பு மையில் எழுதிச் சுழித்தாள்.

"பத்துக்கு மேல வந்தாத்தான் இங்கன பிரசவம் பாக்கலாம். இல்லைன்னா விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும். ரத்தம் கம்மியா இருக்கிற ஒடம்பு, பிரசவத்துல கொஞ்சம் கூடுதலாப் போனாலும் தாங்காது. என்ன சாப்பிடுறீக?"

செல்வலட்சுமி சொன்னாள். காலையில் டீயும் இரண்டு வருக்கியும். மத்தியானம் ரேஷன் அரிசிச் சோறும் ரசமும். ராத்திரி மிச்சச் சோறு, சில நாள் கடை புரோட்டா.

"வயிறு நெறையுது, சத்து நெறையல" என்றாள் நர்ஸ். முருங்கைக்கீரை, கம்பு, முட்டை, பேரீச்சம்பழம், கடலைமிட்டாய், வாரம் ஒருநாள் ஆட்டு ஈரலோ, மண்ணீரலான சுவரொட்டியோ என்று சொல்லிக்கொண்டே போய், தினமும் ஒரு இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் செல்வலட்சுமி தன் அக்காவையே நினைத்துக்கொண்டு வந்தாள். அவளையும் பிரசவத்தில் இப்படித்தான் ரத்தம் பத்தாமல் வேனில் ஏற்றி அனுப்பினார்கள். பிழைத்துவிட்டாள். ஆனால் அன்றைக்கு அக்காவின் உதடு வெளுத்துக் கிடந்தது இவள் கண்ணை விட்டுப் போகவே இல்லை. அது மாரிக்கண்ணனுக்கும் தெரியும்.

மறுநாளிலிருந்து அவன் ஆளே மாறிப்போனான். கம்பெனிக்குப் பின்னால் நின்ற முருங்கை மரத்தில் தினமும் ஒரு கிளையை ஒடித்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். முதல் நாள் பொரியலில் பாதி குச்சியாக இருந்தது. கம்பை மிக்ஸியில் உடைத்துக் கஞ்சி காய்ச்சினான், அடிபிடித்தது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் முதல் ஆளாக நின்று சுவரொட்டி வாங்கி வந்தான்.

"ஏலே, மரத்த மொட்டையடிச்சிட்டியே. வீட்டுல ஆடு வளக்கியா, பொண்டாட்டி வளக்கியா?" என்று கேட்டான் பலவேசம்.

"ஆடுன்னா பேசாமத் திங்கும்லே" என்றான் மாரிக்கண்ணன்.

மாத்திரையை ஒரு டீயோடு அவன் கையாலேயே கொடுப்பான். அதை வாயில் போட்டதும் அவள் முகம் சுளிப்பதைப் பார்த்து அவனுக்குப் பாவமாக இருந்தது. அதனால் தினமும் இஞ்சி தட்டிப் போட்டு, பால் கூடுதலாக ஊற்றி, டீயை இன்னும் கெட்டியாகப் போட்டு மாத்திரையோடு சேர்த்து நீட்டினான். மத்தியானம் கீரைச்சோறு தின்றதும் குடிக்க ஃபிளாஸ்க்கிலும் ஊற்றி வைத்துவிட்டுப் போனான். தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே வேலையை அவளுக்காக நன்றாகவே செய்தான்.

ஒரு மாதம் கழித்து மறுபடி சோதித்தார்கள். எட்டுப் புள்ளி இரண்டு.

அன்று வீட்டில் கீரையை ஆயாமல் மூலையில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். "ஏ புள்ள, நெசமாச் சொல்லு. நான் போனப்புறம் எல்லாத்தையும் கோழிக்குப் போட்டுருதியா?"

"மாத்திரைய ஒங்க முன்னாலதான முழுங்குறேன்" என்றாள் அவள். குழாய் உருட்டும் பலகையை இழுத்து வைத்துக்கொண்டு குனிந்துகொண்டாள்.

கேட்டிருக்கக் கூடாது என்று அவனுக்கு உடனே தெரிந்தது. வேறென்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து போய் டீ போட்டான்.

அந்த வாரமே ஒருநாள் காலையில் நர்ஸ் முருகேஸ்வரி வீட்டுக்கு வந்தாள். எண் ஏன் ஏறவில்லை என்று அவளுக்கும் உறுத்தல். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மாரிக்கண்ணன் ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் டம்ளருமாக வந்தான்.

"வாங்கக்கா, டீ குடிக்கீகளா?"

நர்ஸ் டம்ளரைப் பார்த்தாள். "தம்பி, தினமும் டீயோடயா மாத்திரை குடுக்கீக?"

"ஆமாக்கா. மாத்திரைன்னாலே மூஞ்சியச் சுளிக்கா."

"போச்சு போங்க. டீ இரும்புச்சத்த ஒடம்புல ஒட்டவிடாது. பாலும் அப்படித்தான். கீரை தின்ன கையோட டீ குடிச்சா அதுவும் பாதி வீண். எதுக்கும் ஒரு மணி நேரமாச்சும் இடைவெளி விடணும். மாத்திரைக்கு எலுமிச்சம்பழச் சாறு குடுங்க, சோத்தோட நெல்லிக்காயோ கொய்யாவோ குடுங்க. புளிப்பு இருந்தா சத்து நல்லாப் பிடிக்கும். டீயப் பத்தி மொதல்லயே கேக்காதது என் தப்புதான்."

மாரிக்கண்ணன் டம்ளரைப் பிடித்தபடியே நின்றான். ஒரு மாதமாகப் போட்ட டீயெல்லாம் கண் முன்னால் வந்திருக்க வேண்டும்.

"எனக்கு இந்த வாடையே ஆகல" என்றாள் செல்வலட்சுமி மெதுவாக. "பிள்ள உண்டானதுலருந்தே கொமட்டுது. நீங்க ஆசையாப் போட்டுத் தாறீகளேன்னுதான் மூச்சப் பிடிச்சுக் குடிச்சேன்."

"அப்ப மூஞ்சியச் சுளிச்சது?"

"டீய நெனச்சுத்தான்."

நர்ஸ் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டாள். பிறகு மற்ற இருவரும் சிரித்தார்கள். மாரிக்கண்ணனுக்குக் கண் கலங்கியிருந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் டீ இல்லை. அவன் கடையில் குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டினான். காலையில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டு நீட்டினான். கீரையோடு நெல்லிக்காய்த் துவையல் வந்தது. பிரீத்திகூட அம்மாவின் பங்குக் கொய்யாவில் ஒரு கடியோடு நிறுத்திக்கொண்டாள்.

எட்டாம் மாதம் ஒன்பது புள்ளி இரண்டு. ஒன்பதாம் மாதம் பத்துப் புள்ளி ஒன்று. அன்றைக்கு நர்ஸ் நீல மையில் எழுதினாள். மாரிக்கண்ணன் அந்த எண்ணை போனில் படம் எடுத்து, எழுதப் படிக்கத் தெரியாத பலவேசத்துக்கும் காட்டினான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, உள்ளூர் ஆஸ்பத்திரியிலேயே ஆண் குழந்தை பிறந்தது. மறுநாள் மாரிக்கண்ணன் உள்ளே போனபோது செல்வலட்சுமி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய உதட்டைத்தான் முதலில் பார்த்தான். சோர்ந்திருந்தாலும் வெளுக்கவில்லை.

"கொமட்டல் நின்னுபோச்சு" என்றாள் அவள். "ஒரு டீ போட்டுக் கொண்டாறீகளா? நம்ம வீட்டு டீ."

அவன் எழுந்தான். கதவு வரைக்கும் போனவன் திரும்பினான்.

"மாத்திர எப்பப் போட்ட?"

"இப்பத்தான்."

மாரிக்கண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். திரும்பி வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டான்.